மூன்று போல்ட்டும் ஒரு மஞ்சள் கோடும்

நார்வுட், ஒஹாயோ
ஜூலை 16, 2012

டெல்பர்ட்,

டேட்டன் கண்காட்சியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருப்பாய். நன்றாகக் கடி. இன்னும் ஐந்து நிமிஷம் அங்கே நின்றிருந்தால் எனக்கு வாந்தி வந்திருக்கும். போனில் கத்தித் தீர்க்கலாம் என்றால், ஆலையில் போல்ட் இறுக்குகிற ஏர் கன் சத்தத்தில் போன காது திரும்பி வரவா போகிறது? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் கூட்டத்தைப் பற்றி. புல்வெளியில் நாற்பது பாண்டியாக் கார்கள் நின்றன. ஒன்றாவது தன் சக்கரத்தில் ஓடி வந்ததா? எல்லாம் டிரெய்லரில் ஏறி வந்தவை. ஒருத்தன் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் இன்ஜினைத் துடைக்கிறான். இன்னொருத்தன் டயரில் புல் ஒட்டக் கூடாதென்று கம்பளம் விரித்திருக்கிறான். நார்வுட் ஆலையில் பதினைந்து வருஷம் நின்று நான் செய்த கார்கள், டெல்பர்ட்! சிக்னல் பச்சையானதும் பக்கத்தில் நிற்பவன் மூஞ்சியில் புகையை அடித்துவிட்டுப் பறப்பதற்காகச் செய்தவை. கம்பெனி இந்தப் பெயரையே மூடிவிட்டது, இனி ஒன்று கூட வராது. மிச்சம் இருப்பதையும் நீங்கள் பிணத்துக்கு அலங்காரம் செய்வதுபோலச் செய்து படுக்கவைத்திருக்கிறீர்கள். சீ!

அதுகூடப் போகட்டும். உன் பட்டறையில் நீ புதுப்பித்த காருக்கு வருகிறேன். 76ஆம் வருஷத்து டிரான்ஸ் ஆம், சிவப்பு, இன்ஜின் மூடி மேல் அந்தப் பெரிய பறவைப் படம். ‘இந்தக் காரின் ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கி மஞ்சள் கோடு போட்ட அம்மாள் இவர்தான்’ என்று அறிவித்து என் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் அடியில் கண்ணாடியைத் தள்ளி, “எந்தக் கோடும்மா உங்களுது? காட்டுங்க” என்று என் காதருகே கத்தினார். நான் குனிந்து கையை உள்ளே விட்டேன். ஸ்டீயரிங் பாக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மூன்று போல்ட்டில் நடுவில் இருப்பதைத் தொட்டேன்.

அது சுழன்றது. என் விரலில், ஜாடி மூடிபோலச் சுழன்றது. போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை இழுத்திருந்த மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று நீ கேட்டாய். நானும் இளித்துக்கொண்டு வரைந்து அனுப்பினேன், முனையில் கொக்கிபோல வளையும் என்று. நிறம் கூடச் சரியாகச் சொன்னேன். இறுக்காத போல்ட்டில் அதைப் பூசுவாய் என்று எந்தக் கழுதை கண்டது?

பதில் எழுது. பூசி மெழுகாதே.

வெர்னா ஸ்டிடம்

*

ஓகாலா, ஃப்ளோரிடா
ஜூலை 27, 2012

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தொட்டதும் கையே சுட்டுவிட்டது. இங்கே ஏற்கெனவே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீ வேறு. நீ பொட்டலம் கட்டி வந்த, நம் ஊர் ‘கெட்டா’ பன்றிக்கறி சாண்ட்விச் இரண்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டாய். திரும்பும் வழியில் நான்தான் தின்றேன், அதற்கு நன்றி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்ன சொல்ல வருகிறேன் என்றால், நீ கார் செய்தவள், நான் காரைப் பழையபடி ஆக்குகிறவன், இரண்டும் ஒரே தொழில் இல்லை. கண்காட்சி நடுவர்கள் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஆலையிலிருந்து அன்று இறங்கியபடி இருக்க வேண்டும். போல்ட் தலையில் ஸ்பேனர் கவ்விய தழும்பு ஒன்று தெரிந்தால் அரை மதிப்பெண் போச்சு. நானூறுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கின கார் அது! அரை மதிப்பெண்ணுக்குப் பெரிய பெரிய ஆட்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் புதுப் பூச்சுக் கொடுத்த போல்ட்டைத் துணி சுற்றிக் கையால் திருகி வைப்பேன். கண்காட்சிக் காலம் முடிந்ததும் ஒழுங்காக இறுக்கிவிடுவேன். எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம்.

அந்தக் கார் எங்கே ஓடப் போகிறது? ஷெட்டிலிருந்து டிரெய்லர், டிரெய்லரிலிருந்து புல்தரை. நடக்கிற வேகத்தில் இருபது அடி. அதற்கு நீ வாந்தி எடுக்கிற அளவுக்குப் போக வேண்டுமா? கோடு என்பது ஓர் அலங்காரம், அக்கா. பறவைப் படம் ஒட்டுவதுபோல.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போல்ட் சுழன்றது என்கிறாய். நடுவர் அதன்பின் கண்ணாடியில் பார்த்தபோது கோடு ஒழுங்காகத்தானே இருந்தது? யார் சேர்த்து வைத்தார்கள்? கேடயத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தது யார்?

உன் தம்பி,
டெல்பர்ட்

*

நார்வுட்
ஆகஸ்ட் 3, 2012

டெல்பர்ட்,

நான்தான் சேர்த்து வைத்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார்கள், உன் முகம் பூரித்துப் போயிருந்தது, நான் விரலால் போல்ட்டைத் திருப்பிக் கோட்டைச் சேர்த்துவிட்டு எழுந்தேன். போட்டோவுக்கும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த விரலைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சாப்பிடும்போது கூட. போதுமா? உனக்குச் சந்தோஷமா?

இப்போது நீ கேள். 76 பிப்ரவரி. நிமிஷத்துக்கு ஒரு கார் என் முன்னால் நகரும். ஒரு காரில் இரண்டு போல்ட்டை இறுக்கி முடித்தபோது ஏர் கன்னின் குழாய் பிய்த்துக்கொண்டது. ஆனால் பழக்கம் இருக்கிறதே, இடது கை தன்பாட்டுக்கு மூன்றிலும் மஞ்சள் கோட்டை இழுத்துவிட்டது. கார் போய்க்கொண்டே இருக்கிறது. கையில் சாதா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு, காரின் பின்னால் ஓடினேன். “என்ன வெர்னா, கார் கூடவே புகுந்த வீட்டுக்குப் போயிடுவ போலிருக்கே!” என்று வரிசை முழுக்கச் சிரிப்பு. மூன்று ஆள் தள்ளி, மட்கார்டுக்குள் தலையை விட்டு, தொங்கிக்கொண்டு அதை இறுக்கினேன். பல்லெல்லாம் மஞ்சள் பெயிண்ட். அன்று அந்தக் காரை விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்கும்.

அலங்காரமாம்! அந்தக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ‘நான் இறுக்கிவிட்டேன், நீ நம்பி ஓட்டு.’ அடுத்த ஆள் அதைப் பார்த்துத்தான் கையை வைக்காமல் விடுவான். அடுத்த மெக்கானிக்கும் அப்படித்தான் விடுவான். நீ பெயிண்ட் பூசவில்லை, என் குரலில் பொய் சொல்லியிருக்கிறாய். உன் கண்காட்சிக்காரர்கள் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், ஒருத்தனாவது போல்ட்டைத் தொட்டுப் பார்த்தானா? தூ!

கேடயத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டாதே, நான்தான் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். அந்தக் காரில் இருக்கிற என் கோட்டை அழி.

வெர்னா ஸ்டிடம்

*

ஓகாலா
ஆகஸ்ட் 20, 2012

அக்கா,

பார்சலைப் பிரித்தபோது என் பட்டறை ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். மானம் போயிற்று. அந்தக் கேடயத்துக்காக நான் நான்கு பேரிடம் பேசினேன், தெரியுமா? பதினைந்து வருஷம் உழைத்த உன்னை யாராவது ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்றுதான். சுத்தியலால் அடித்தாயாமே. நல்ல மனசு.

நீ நினைக்கிற அளவுக்கு நான் கேடுகெட்டவன் இல்லை. ஒரு சட்டத்தில் துரு எடுக்க எட்டு வாரம் மண்டியிட்டுக் கிடந்திருக்கிறேன். குப்பையில் கிடந்தவற்றை எடுத்து உயிர் கொடுத்திருக்கிறேன். அந்தக் காரின் ராட்சத 455 இன்ஜின் என் கையில் முதல் தடவை பற்றிக்கொண்டு உறுமியபோது நான் அழுதுவிட்டேன், உனக்கு எங்கே தெரியப் போகிறது.

கோட்டை அழிக்க எனக்கு வழியில்லை. கார் உரியவர் வீட்டுக்குப் போய்விட்டது. வடக்கு ஜார்ஜியாவில் ஒரு பல் டாக்டர். பெயரைச் சொல்ல மாட்டேன், நீ அவருக்கு எழுதி என் பிழைப்பில் மண்ணைப் போடுவாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் நீயே குளிர்ந்து போவாய். கார்களைப் படுக்கவைத்துவிட்டோம் என்று புலம்பினாயே? செப்டம்பர் 22 அவர் மகள் கல்யாணம். மலைமேல் இருக்கிற தேவாலயத்திலிருந்து கீழே விருந்து மண்டபம் வரை பதினான்கு மைல், பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே அந்தக் காரை ஓட்டப் போகிறாராம். “ஒரு தரமாவது சத்தத்தைக் கேக்கணும் டெல்பர்ட்” என்றார். மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். பதினான்கு மைலுக்கு ஒன்றும் ஆகாது. நவம்பரில் டென்னசி கண்காட்சி முடிந்ததும் நானே போய் இறுக்கிவிடுவேன்.

டெல்பர்ட்

*

நார்வுட்
ஆகஸ்ட் 25, 2012

டேய்,

உனக்கு மூளை இருக்கிறதா, அங்கேயும் பெயிண்ட்தான் அடித்து வைத்திருக்கிறாயா?

மலைப்பாதை. வளைவுகள். 455 இன்ஜின். விரலுக்குச் சுழல்கிற போல்ட். பக்கத்தில் கல்யாணப் பெண். இந்த ஐந்தையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, கேட்டால் குளிர்ந்து போவேன் என்கிறாய்! ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தைவிட்டு அசைந்தால் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவார், சக்கரம் திரும்பாது. அவர் மெதுவாகப் போனாலும் பள்ளம் பள்ளம்தான்.

அடுத்த வீட்டுப் பெண் ரூத்தானிடம் சொல்லி நேற்று மூன்று தடவை உனக்குப் போன் போடவைத்தேன். என் பெயரைக் கேட்டதும் கட் செய்தாயாம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசிற்று.

இது கையில் கிடைத்த அன்றே கிளம்பு. போன் போட்டுச் சொல்லாதே, நேரில் போ. வாயால் சொன்னால் பூசி மெழுகிவிடுவாய். மூன்றையும் இறுக்கு. தழும்பு விழட்டும். உன் பெயர் கெட்டால் கெடட்டும். அந்தப் பெண் அந்தக் காரில் ஏறி, என் கோட்டை நம்பி, மலையிலிருந்து உருண்டால், உன் அக்கா என்று சொல்லிக்கொண்டு நான் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்.

இதற்குமுன் எத்தனை காரில் இப்படிச் செய்தாய்? எண்ணிக்கை வேண்டும்.

வெர்னா

*

ஓகாலா
செப்டம்பர் 14, 2012

அக்கா,

போய்விட்டு வந்தேன். உன் கடிதம் வந்த அன்றே போகவில்லை. ஒரு வாரம் அதை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன், உன்னிடம் மறைத்து என்ன பயன். ஒன்பதாம் தேதி காலை, பட்டறையில் இன்னொரு காருக்கு மஞ்சள் தூரிகையை எடுத்தேன். அப்படியே வைத்துவிட்டு லாரியில் ஏறினேன். எட்டு மணி நேரம்.

அவர் பெயர் டாக்டர் டார்ப்ளி. ஷெட் வீட்டைவிடப் பெரிது, காருக்குத் தனி ஏசி. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“என்ன டெல்பர்ட், இவ்ளோ தூரம்? கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கே!”

“டாக்டர், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் மூணையும் இறுக்கணும். நான் இறுக்கவே இல்ல.”

“விளையாடாதீங்க. மஞ்சக் கோடு போட்டிருக்கே?”

“கோடு மட்டும்தான் போட்டேன்.”

சிரித்தார். பிறகு நான் ஸ்பேனரை எடுத்ததும் சிரிப்பு நின்றது. குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“தழும்பு படுமா?”

“படும்.”

“அப்போ வேணாம். நவம்பர்ல டென்னசி இருக்கு. முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு வாங்கின காருங்க இது! பதினாலு மைல்தானே, மெதுவா ஓட்டிக்கறேன். நவம்பர் முடியட்டும், வந்து இறுக்குங்க.”

அக்கா, அது என் கடிதம். வார்த்தைக்கு வார்த்தை நான் உனக்கு எழுதியது. இன்னொருத்தன் வாயிலிருந்து வந்தபோதுதான் அது என் காதில் விழுந்தது.

நாங்கள் கத்திக்கொண்டதைக் கேட்டு அவர் மகள் லேசி ஷெட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்காக நீள நகம் வைத்து, ஏதோ முத்துநிறப் பூச்சு போட்டிருந்தாள். “என்னப்பா சண்டை?” என்றாள். அவர், “ஒண்ணுமில்ல தங்கம், நீ உள்ள போ” என்றார். நான் பாயை விரித்து, “படுத்து இந்த போல்ட்ட ஒரு தடவ தொட்டுப் பாரும்மா” என்றேன்.

அந்த நகத்தின் நுனியால் தொட்டாள். சுழன்றது. அடுத்ததைத் தொட்டாள், அதுவும் சுழன்றது. மூன்றாவது மட்டும் பிடித்திருந்தது.

“இது கழண்டா என்ன ஆகும்?”

“நீங்க திருப்புவீங்க, கார் திரும்பாது.”

எழுந்து அப்பாவைப் பார்த்தாள். “இது தெரிஞ்சுமா நவம்பர்னு சொன்னீங்க?”

“மெதுவாத்தான் போகப் போறோம், தங்கம்...”

“நீங்க மலையிலேந்து கூட்டிட்டு வரப் போறது என்னையா, உங்க கண்காட்சிக் கோப்பையையா?” என்று கேட்டாள். அவர் குறுக்கிலிருந்து விலகினார்.

அவள்தான் விளக்குப் பிடித்தாள். நான் மூன்றையும் இறுக்கினேன். அளவு வந்ததும் ஸ்பேனர் ‘டக்’ என்று சொல்லுமே, ஒவ்வொரு டக்குக்கும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். போல்ட் தலைகளில் பூச்சு உரிந்து வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. இப்படியொரு அசிங்கத்தை என் வேலையில் நான் விட்டதே கிடையாது. பழைய கோட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அவர் மெல்ல வந்து காதோடு சொன்னார்: “சரி, இறுக்கியாச்சுல்ல? மேல கறுப்பு டச் அடிச்சு, அந்த மஞ்சக் கோட்ட மறுபடி போட்டுடுங்க.”

மஞ்சள் பெயிண்ட் பாட்டில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது உண்மையாகவே இறுகியிருக்கிறது, போட்டால் பொய் இல்லை. ஆனாலும் கை வரவில்லை. அது உன்னுடையது. மாட்டேன் என்றேன். “இனி இந்த வாசல்ல கால் வைக்காதீங்க, ஊர் பூரா சொல்றேன் உங்க யோக்கியதைய” என்றார். சொல்லியும் விட்டார். இந்த வாரம் இரண்டு பேர் தங்கள் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ கேட்ட எண்ணிக்கை: இன்னும் பதினொன்று. டாக்டருடையதைச் சேர்த்தால் பன்னிரண்டு. எல்லாருக்கும் போன் செய்தேன். நான்கு பேர் வரச் சொன்னார்கள். ஐந்து பேர் கண்காட்சி முடியட்டும் என்றார்கள். இரண்டு பேர், கையை வைத்தால் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். அக்கா, இவர்களை நான்தான் இப்படிப் பழக்கினேன்.

வருகிறாயா? நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீ சொன்னால் கேட்பார்கள். இறுக்கியபின் கோடு போடலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். கேடயத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்.

டெல்பர்ட்

*

நார்வுட்
செப்டம்பர் 28, 2012

டெல்பர்ட்,

கல்யாணம் நடந்த சனிக்கிழமை முழுக்க எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நீ மூன்றையும் இறுக்கினேன் என்று எழுதியிருந்தாய், சரி, ஆனால் நீ எழுதுவதை நான் எப்படி நம்புவது? இன்று காலை ஜார்ஜியாவிலிருந்து ஓர் அட்டை வந்தது. லேசி அனுப்பியிருக்கிறாள். என் முகவரியை நீதான் கொடுத்தாயாம். போட்டோவில் அவளே ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள், முக்காடு ஜன்னலுக்கு வெளியே பறக்கிறது. டாக்டர் பக்கத்து சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘வளைவிலெல்லாம் கார் சொன்னபடி கேட்டது’ என்று ஒரு வரி. அதைப் படித்தபின்தான் இன்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு வாரம் இழுப்பறையில் போட்டு வைத்தாயே, அதை நினைத்தால் இன்னும் உடம்பு எரிகிறது.

ஆனால் வருகிறேன். நீ கூப்பிட்டதற்காக இல்லை. டேட்டனில் உடைந்த கோட்டைச் சேர்த்து வைத்தது என் விரல். பதினொரு காரும் முடியும்வரை அதில் ஒட்டிய அழுக்கு கழுவினாலும் போகாது. கண்காட்சி முடியட்டும் என்ற ஐந்து பேரிடமும், வழக்குப் போடுகிற இரண்டு பேரிடமும் முதலில் போவோம். எனக்குக் காது கேட்காது, அவர்கள் கத்துவதெல்லாம் வீண்.

கோட்டைப் பற்றிக் கேட்டாய். நீ இறுக்கும் போல்ட்டில் அது வராது. உனக்கென்று ஒரு நிறம் வாங்கிக்கொள், எதுவாகவும் இருக்கட்டும், மஞ்சள் மட்டும் கூடாது. நான் என் கையால் இறுக்குவதில் நான் போட்டுக்கொள்கிறேன். அறுபத்தெட்டு வயசில் முடியுமா என்று கேட்காதே, ஸ்பேனரின் பிடியை நீளமாக வாங்கி வை. கேடயத்தைக் குப்பையில் போடு.

அடுத்த வியாழக்கிழமை மதியம் ஓகாலா பஸ் நிலையத்தில் இறங்குவேன். லாரியைக் கொண்டு வா. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, பல்லை இளிக்காதே. நான் முதலில் லாரியைச் சுற்றி வந்து நான்கு சக்கரத்து நட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். முடிகிற வரைக்கும் நீ ஓரமாக, பேசாமல் நிற்க வேண்டும். அப்புறம்தான் ஏறுவேன்.

அக்கா